பூட்டில் இருப்பது மேசையைச் செய்தவரின் பெயர் அல்ல

கேள்வி: முப்பத்திரண்டு வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா தை மாதம் காலமாகிவிட்டார். கடைசி நாலு வருடம் அவருக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தது நான்தான். உயிலில் தன்னுடைய சின்ன மேசையை எனக்கு எழுதி வைத்திருந்தார். மஞ்சள் நிற மரம், நடுவில் சிப்பி உருவம் பதித்திருக்கிறது, இரண்டு பக்கப் பலகையும் மடங்கும். லாச்சிப் பூட்டில் 'ஹொப்ஸ் அன்ட் கோ, லண்டன்' என்று வெட்டியிருக்கிறது. இவர்தான் செய்தவரா? அந்த அம்மாவின் மருமகன் இது ஷெரட்டன் மேசை, பல்லாயிரம் பெறும் என்கிறார். வீட்டைத் துப்புரவாக்க வந்த வியாபாரியோ 150 பவுண் கையில் தருகிறேன் என்றார். வெள்ளைக் கோடுகள் யானைத் தந்தம் என்றால் வைத்திருப்பதே குற்றம் என்று மகள் பயப்படுத்துகிறாள். ஒரு ஓரம் கிளம்பி நிற்கிறது, சூப்பர் குளூ போடலாமா? மேலே ஒரு தேநீர் வட்டமும் உண்டு. ஒன்பது படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் அந்த சூப்பர் குளூவைத் திரும்ப லாச்சிக்குள் வையுங்கள். இந்த மேசை லாச்சிக்குள் அல்ல, குசினி லாச்சிக்குள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஹொப்ஸ் உங்கள் மேசையைச் செய்தவர் இல்லை. அவர் பூட்டுக்காரர். இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வருவார்கள், அவர்களில் வெள்ளைக்காரரும் உண்டு. மேசையில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே எழுத்து பூட்டில்தான் இருக்கும் என்பதால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்வது இயல்பு. அல்பிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ் ஓர் அமெரிக்கர். 1851இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சிக்கு வந்தவர், வந்த கையோடு இங்கிலாந்தின் மானத்தை வாங்கினார். பிரமா என்ற பூட்டுக் கடைக்காரர்கள் பிக்கடிலியில் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பூட்டை வைத்து, இதைத் திறப்பில்லாமல் திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கில நாணயம்) என்று 1790 முதல் சவால் விட்டிருந்தார்கள். அறுபது வருடமாக எவராலும் முடியவில்லை. ஹொப்ஸ் 16 நாட்களில் மொத்தம் 51 மணித்தியாலம் அதனோடு மல்லுக்கட்டித் திறந்துவிட்டார். அப்புறம் இங்கேயே தங்கித் தன் பெயரில் பூட்டுக் கம்பனி ஆரம்பித்தார். நல்ல தளபாடக்காரர்கள் எல்லோரும் அந்தப் பூட்டுகளை வாங்கிப் போட்டார்கள்.

அதனால் அந்தப் பெயர் வீண் இல்லை. 1851க்கு முந்தி அந்தப் பெயரில் பூட்டே கிடையாது. உங்கள் நாலாவது படத்தில் பூட்டைச் சுற்றிப் பழைய ஆணித் துளையோ, அடைத்த தடமோ தெரியவில்லை. குழியும் பூட்டின் அளவுக்கே வெட்டியிருக்கிறது. பிறகு மாற்றிய பூட்டு அல்ல, மேசையோடு பிறந்த பூட்டு. ஆகவே மேசையும் 1851க்குப் பிறகுதான்.

அந்த ஒரு பூட்டினாலேயே மருமகனின் ஷெரட்டன் கதை போய்விடுகிறது. தோமஸ் ஷெரட்டன் என்ற பெயர்பெற்ற ஆங்கிலத் தளபாட வடிவமைப்பாளர் 1806இல் இறந்துவிட்டார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு: ஷெரட்டன் செய்தது என்று சாட்சியோடு காட்டக்கூடிய ஒரு கதிரைகூட உலகத்தில் இல்லை. அவர் 1791 முதல் 1794 வரை பகுதி பகுதியாக ஒரு மாதிரி வரைபடப் புத்தகம் போட்டார். தச்சர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். மெலிந்து கூம்பும் கால், நீள்வட்டச் சிப்பி, ஓரம் முழுக்க மெல்லிய கோடு, இதெல்லாம் அந்தக் காலத்து மோஸ்தர், அதற்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. அதே காலத்து இன்னொரு தளபாடக்காரரான ஹெப்பிள்வைட்டின் கதையும் இப்படித்தான். அவர் 1786இல் இறந்து இரண்டு வருடம் கழித்து மனைவி அலிஸ் வெளியிட்ட புத்தகம்தான் அவரைப் பிரபலமாக்கியது. கடைக்காரர் 'ஷெரட்டன் மேசை' என்றால் 'ஷெரட்டன் பாணி மேசை' என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயருக்கும் விலைக்கும் நடுவே அந்தப் 'பாணி'யை விழுங்கிவிடுவது இந்த வியாபாரத்தில் மிகப் பழைய வித்தை.

சரி, அப்படியானால் செய்தது யார்? உங்கள் ஆறாவது படத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வெளியே இழுத்த லாச்சியின் உள்ளே இருக்கும் உங்கள் பேத்தியின் கலர் பென்சில்களைத்தான் நீங்கள் படம் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் லாச்சியின் முன்பலகை மேல்விளிம்பில், பூட்டுக்கு இடப்பக்கம், மரத்தில் அமுக்கிய சின்ன எழுத்துகள் இருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் 'ARDS & ROB' என்பதற்குரிய எழுத்துகள் தெளிவாக உள்ளன, இரண்டு முனையும் தேய்ந்துவிட்டன. அது 'எட்வர்ட்ஸ் அன்ட் ரொபர்ட்ஸ்'. இந்த மாதிரி மேசையில் அந்த இடத்தில் வேறு பெயருக்கு வாய்ப்பில்லை.

எட்வர்ட்ஸ் அன்ட் ரொபர்ட்ஸ் 1845இல் தொடங்கிய லண்டன் கம்பனி. சோஹோவில் வார்டர் தெருவில் கடை. நூற்றாண்டு முடிவதற்குள் அந்தத் தெருவில் கட்டடம் கட்டடமாகப் பரந்துவிட்டார்கள். பழைய பாணியில் புதிதாகச் செய்வது, பழையதை வாங்கித் திருத்தி விற்பது, இரண்டும் அவர்கள் தொழில். அந்தத் தெரு முழுக்கவே அப்படித்தான்: அசல் பழசும், பழசு போலச் செய்ததும் பக்கத்தில் பக்கத்தில் விற்கும். எவ்வளவு பெயர் எடுத்தது என்றால், வேண்டுமென்றே பழஞ்சொற்களைப் போட்டு எழுதும் போலி நடையை ஆங்கிலேயர் 'வார்டர் தெரு ஆங்கிலம்' என்று கேலி செய்தார்கள். இன்னொரு வேடிக்கை. 1790களில் ஷெரட்டனும் இதே வார்டர் தெருவில்தான் குடியிருந்தார், 106ஆம் இலக்கத்தில். வரைபடம் சொல்லிக்கொடுப்பதாகவும் புத்தகம் விற்பதாகவும் விளம்பர அட்டை அடித்திருந்தார். நூறு வருடம் கழித்து அவர் பாணி அதே தெருவில் சக்கைபோடு போட்டது. மருமகன் தெருவைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், ஆண்டைத்தான் விட்டுவிட்டார்.

ஆனால் முத்திரையைக் கண்டதும் துள்ளக் கூடாது. இந்தக் கம்பனி தாங்கள் செய்யாத, திருத்தி விற்ற 18ஆம் நூற்றாண்டுச் சாமானிலும் தங்கள் முத்திரையை அடித்திருக்கிறது. அதனால் முத்திரை, 'எங்கள் கடை வழியாகப் போனது' என்பதற்குத்தான் சாட்சி. செய்தார்களா, விற்றார்களா என்பதை மரம்தான் சொல்ல வேண்டும்.

மரம் சொல்வதைப் பார்ப்போம். உங்கள் ஏழாவது படத்தில் ஓரம் உடைந்த இடத்தில் மேல்தகட்டின் தடிப்புத் தெரிகிறது. முழு மேசையும் மஞ்சள் மரம் இல்லை, அடியில் மலிவான மரப்பலகை, அதன்மேல் அழகான மரத்தின் மெல்லிய தகடு. ஆங்கிலத்தில் வெனியர் என்பது இதைத்தான். ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள், 18ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற லண்டன் தளபாடக்காரர் சிப்பன்டேலும் இப்படித்தான் செய்தார். 18ஆம் நூற்றாண்டில் இரண்டு பேர் வாளைப் பிடித்துக் கையால் அறுத்த தகடு ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் இருக்கும், ஓர் இடத்தில் தடிப்பு, இன்னோர் இடத்தில் மெல்லிசு. உங்களுடையது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, கல்யாண அட்டை போல ஒரே சீர். இயந்திரம் சீவியது. அடுத்தது பிணைச்சல் ஆணிகள். எட்டாவது படத்தில் ஒரு திருகாணி கழன்று கிடக்கிறது, முனை கூர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை திருகாணிகள் மொட்டை முனையோடுதான் வந்தன. பூட்டு, தகடு, ஆணி, மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. இது பழையதைத் திருத்தியது அல்ல, எட்வர்ட்ஸ் அன்ட் ரொபர்ட்ஸ் புதிதாகச் செய்து விற்றது. 1880க்கும் 1900க்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நல்ல வேலை. லாச்சியின் மூலையைப் பாருங்கள், புறா வால் போல விரிகிற பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றன. அந்தப் பற்களின் கழுத்து ஒரு வாள் நுழையும் அகலம்தான். கையால் வெட்டியவர் தன் கைத்திறனைக் காட்டியிருக்கிறார். லாச்சிக்குள் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவர் நினைக்கவில்லை. மடங்கும் பலகையைத் தாங்குகிற மரக் கை இருக்கிறதல்லவா, அது உலோகப் பிணைச்சலில் அல்ல, விரல்களைக் கோத்ததுபோல மரத்திலேயே செதுக்கிய மூட்டில் சுழல்கிறது. நூற்றிருபது வருடத்துக்கு மேலாகியும் ஆட்டமில்லை.

இனி அந்தச் சிப்பி. இதை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் அந்தப் பேத்திக்கும் சொல்லலாம். ஊரில் கச்சான் வறுக்கிற சுடுமணலை நினைத்துக்கொள்ளுங்கள். சிப்பியின் ஒவ்வொரு இதழும் ஹொலி என்ற வெள்ளை மரத்தின் தனித் துண்டு. அதை இடுக்கியால் பிடித்து ஒரு விளிம்பை மட்டும் சுடுமணலுக்குள் சில விநாடி செருகி எடுப்பார்கள். ஆழத்தில் இருந்த பகுதி கூடக் கருகும், மேலே வர வர மங்கும். அந்தக் கருகல்தான் இதழ் வளைந்து எழும்பி நிற்பது போன்ற நிழல். மை பூசியது அல்ல, அதனால்தான் இத்தனை வருடம் துடைத்தும் போகவில்லை. பச்சையாகத் தெரிகிற பின்னணி வேறு வித்தை. சிக்கமோர் மரத்தை இரும்புச் சத்துள்ள நீரில் ஊறப்போட்டுச் சாம்பல் பச்சையாக்குவார்கள். பெரும்பாலும் இந்தச் சிப்பிகளை மேசைத் தச்சர் செய்வதில்லை. பதிப்பு வேலைக்கென்றே இருந்த பட்டறைகள் செய்து, முகத்தில் கடதாசி ஒட்டி, அளவு வாரியாக விற்றன. தச்சர் வாங்கிப் பதித்துக் கடதாசியைச் சுரண்டிவிடுவார். அதனால்தான் ஒரே அச்சுப் போன்ற சிப்பியை நாலு வெவ்வேறு கம்பனி மேசையில் காணலாம். 'செய்தவர்' என்று ஒருமையில் கேட்டீர்கள். பூட்டு ஒருவர், சிப்பி ஒருவர், கால் சக்கரம் ஒருவர், பொலிஷ் இன்னொருவர், முத்திரை முதலாளியுடையது. பற்களை வெட்டிய அந்த ஆசாரியின் பெயர் எங்கேயும் இல்லை.

எல்லாக் கம்பனியும் இப்படி இல்லை. லங்காஸ்டரில் 1730 வாக்கில் தொடங்கிய கில்லோஸ் என்ற கம்பனி 1784 முதல் எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மேசையின் சின்னப் படம், எவ்வளவு மரம், எந்த ஆசாரி, என்ன கூலி, எல்லாம் அதில் உண்டு. அவர்கள் முத்திரையும் லாச்சி விளிம்பில்தான் இருக்கும். அந்த மேசை என்றால் செய்தவரின் பெயரையே சொல்லியிருப்பேன்.

மஞ்சள் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சற்றின்வுட் என்பார்கள். உங்களுக்கு அது முதிரை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த இன்னொரு மஞ்சள் மரத்துக்கும் இதே ஆங்கிலப் பெயர்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்த முதிரைதான் கூடுதலாகப் புழங்கியது. உங்கள் மேசையின் நடுப்பலகையில் குறுக்கே ஓடும் அந்த நெருக்கமான மினுமினுப்பு, பட்டுச் சேலையைச் சாய்த்துப் பிடித்தது போல, முதிரையின் கையெழுத்து. ஊரில் அதை வாசல் நிலைக்கும் கதவுக்கும் போடுவோம், நாலு பேர் சேர்ந்துதான் தூக்குவோம். இங்கே அதைக் கல்யாண அட்டைத் தடிப்பில் சீவி ஒட்டினார்கள். நான் இந்த மரத்தை இழைக்கும்போது இன்றும் முகமூடி போட்டுக்கொள்வேன், அதன் தூள் தோலில் பட்டால் சொறிந்து சொறிந்தே அன்றைய நாள் போய்விடும்.

தந்தப் பயத்துக்கு வருவோம். மகளிடம் சொல்லுங்கள், இரண்டு காரணத்துக்காகப் பயப்பட வேண்டாம். ஒன்று, வெள்ளைக் கோடுகள் தந்தம் இல்லை, மரம். உடைந்த இடத்தில் நார் பிரிந்து நிற்கிறது, தந்தம் நாராகப் பிரியாது. இரண்டு, தந்தமாக இருந்தாலும் வைத்திருப்பது குற்றமில்லை. 2022 யூன் 6 முதல் நடைமுறையில் இருக்கிற பிரித்தானியச் சட்டம் விற்பதையும் வாங்குவதையும்தான் தடுக்கிறது. அதிலும் 1947க்கு முந்திய சாமானில் தந்தம் கன அளவில் பத்து வீதத்துக்குக் குறைவென்றால் 20 பவுண் கட்டிப் பதிந்துவிட்டு விற்கலாம். பேத்திக்குப் பரிசாகக் கொடுப்பதற்கு எந்தப் பதிவும் வேண்டாம்.

இப்போது அந்தக் கிளம்பிய ஓரம். ஏன் கிளம்பியது என்று இரண்டாவது படம் சொல்கிறது: மேசைக்கு ஒரு முழம் தள்ளி ஹீற்றர். மரம் காய்ந்தால் குறுக்குவாட்டில் சுருங்கும், நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. உங்கள் மேசை ஓரத்தில் அலங்காரப் பட்டியின் ரேகை குறுக்கே ஓடுகிறது. அடிப்பலகை உள்ளே சுருங்குகிறது, மேலே உள்ள பட்டியோ சுருங்க மாட்டேன் என்கிறது. இடம் போதாமல் எழும்பி நிற்கிறது. ஹீற்றரிலிருந்தும் யன்னல் வெயிலிலிருந்தும் தள்ளி, உள்சுவர் ஓரமாக வையுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள்.

அந்தக் காலத்தில் ஒட்டியது வச்சிரப் பசையால், மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. வெப்பமும் ஈரமும் பட்டால் இளகும், ஆறினால் திரும்பப் பிடிக்கும். திருத்துகிறவர் பழைய பசையை இளக்கி, புதிய வச்சிரத்தை உள்ளே விட்டு, கடதாசி வைத்து மரக்கட்டையால் அழுத்திக் கட்டினால் மறுநாள் தடமே தெரியாது. சூப்பர் குளூ போட்டால் அந்த இடத்தில் வச்சிரம் இனிப் பிடிக்காது, முதிரையில் ஊறிக் கறையும் விடும். அதைச் சுரண்டி எடுக்க நாங்கள் கேட்கிற கூலி, ஓரம் ஒட்டுகிற கூலியைவிடக் கூட. செலோடேப்பும் ஒட்ட வேண்டாம், உரிக்கும்போது பொலிஷையும் கொண்டுவரும். கழன்ற சிறாய்கள் எவ்வளவு சின்னதானாலும் ஒரு கடித உறையில் போட்டு லாச்சிக்குள் வையுங்கள். நான் திருத்திய ஒரு தேநீர்ப் பெட்டியில் நகத்தளவு துண்டு ஒன்று காணாமல், அதே நிறத்தில் பழைய மரம் தேடி மூன்று வாரம் அலைந்தேன். பிறகு வீட்டுக்காரரின் வக்யூம் கிளீனர்ப் பையில் கிடைத்தது.

தேநீர் வட்டம் வெள்ளையாக இருப்பதால் கவலையில்லை. ஈரம் மேல் பொலிஷில் நின்றுவிட்டது என்று அர்த்தம். கறுப்பாக இருந்தால் மரத்துக்குள் இறங்கியிருக்கும், அது பெரிய வேலை. அந்தப் பொலிஷ் அரக்கை மதுசாரத்தில் கரைத்துத் தேய்த்தது. அதனால் சனிற்றைசர், வாசனைத் திரவியம், கண்ணாடி துடைக்கிற தெளிப்பான், ஒன்றும் கிட்டப் போகக் கூடாது. பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்லி யூடியூப்பில் நாலு பேர் சொல்வார்கள், கேட்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை தேன்மெழுகை மெல்லிசாகப் பூசி மென்துணியால் துடைத்தால் போதும். திருத்த ஆள் தேடும்போது பாஃப்ரா என்ற பிரித்தானியப் பழந்தளபாடத் திருத்துநர் சங்கத்தின் பட்டியலில் உங்கள் ஊருக்குக் கிட்டடியில் உள்ளவரைப் பாருங்கள். ஓரமும் வட்டமும் ஒருவரே ஒரே தடவையில் செய்வார்.

விலை. பல்லாயிரம் இல்லை. 2000க்குப் பிறகு பழைய மரத் தளபாடம் எல்லாமே விலை இறங்கிவிட்டது. சின்ன வீடும் வெள்ளைச் சுவரும் வைத்திருக்கிற இளம் பிள்ளைகள் இதை விரும்புவதில்லை. ஆனால் எட்வர்ட்ஸ் அன்ட் ரொபர்ட்ஸ் முத்திரையோடு, முதிரைத் தகட்டில், பதிப்பு வேலையோடு இருக்கிற சின்ன மேசைக்கு இன்னும் ஆள் இருக்கிறது. ஏலத்தில் பல நூறு பவுண், ஓரத்தைத் திருத்தி நல்ல நாளும் அமைந்தால் ஆயிரத்தைத் தொடலாம். வியாபாரி சொன்ன 150 உங்களுக்கு அந்த முத்திரை தெரியாது என்று நினைத்துச் சொன்ன விலை, அல்லது அவருக்கே தெரியாது. இரண்டில் எதுவானாலும் கொடுக்க வேண்டாம். விற்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு ஏலக் கம்பனிக்குப் படம் அனுப்பிக் கேளுங்கள், பெரும்பாலானவை இலவசமாகவே மதிப்புச் சொல்லும். நான் என்றால் விற்க மாட்டேன். நாலு வருடம் சாமான் சுமந்த கைக்கு எழுதி வைத்தது.

ஒரு வேலை மட்டும் எனக்காகச் செய்யுங்கள். கலர் பென்சில்களை எடுத்துவிட்டு லாச்சியை முழுதாக வெளியே இழுத்து, கவிழ்த்து ஒரு துவாயின்மேல் வையுங்கள். அறை வெளிச்சத்தை அணைத்து, டோர்ச் லைற்றைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து அடிப்பலகையையும் பின்பலகையின் வெளிப்புறத்தையும் பாருங்கள். ஆசாரிமார் சில நேரம் அங்கே பென்சிலால் ஒரு பெயரோ, இலக்கமோ, திகதியோ கிறுக்கிவிட்டுப் போவார்கள். ஏதாவது தெரிந்தால் துடைக்காமல் படம் எடுத்து அனுப்புங்கள்.